தள்ளாமல் வந்த டிராலி

மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிட்டு, ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி சித்ராதேவி உள்ளே வந்தபோது, டிராலி மறுபடியும் செல்லத்தாயின் மெஷின் பக்கத்தில் போய் நின்றுகொண்டிருந்தது.

“யாரு தள்ளுனது?” என்றாள்.

பின்னால் வந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். டிபன் டப்பாக்கள் மட்டும் கலகலத்தன.

“கேக்கேன்லா. கட்டிங் மேசைகிட்ட நிறுத்திட்டுத்தான சாப்பிடப் போனோம்? இங்க எப்படி வந்துச்சு?”

“நாங்க எல்லாரும் உங்ககூடத்தானுங்கக்கா உக்காந்திருந்தோம்,” என்றாள் அனுப்பிரியா. “என் டப்பாவுல இருந்த அப்பளத்தக்கூட நீங்கதான் எடுத்தீங்க.”

அப்பளம் தின்றது உண்மை. அதனால் சித்ராதேவியால் அதற்கு மேல் அதட்ட முடியவில்லை. டிராலியைத் தானே இழுத்துக்கொண்டு போய்ப் பழைய இடத்தில் விட்டுவிட்டு வந்தாள். வரும்போது அவளையும் அறியாமல் ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். பயம் அப்படித்தான், கண்ணுகளா. நாம் அதைப் பார்க்காவிட்டாலும் அது நம் கழுத்தைப் பிடித்துத் திருப்பிவிடும்.

திருப்பூர்ப் பனியன் கம்பெனியின் அந்தத் தையல் கூடம் நீளமானது. ஒரு கோடியில் துணி வெட்டுகிற மேசை, மறு கோடியில் சுவர், நடுவே பாதை, பாதைக்கு இருபுறமும் தையல் மெஷின்கள். வெட்டிய துண்டுகளைக் கட்டுக் கட்டாக ஏற்றிக்கொண்டு நாலு சக்கர இரும்பு டிராலி அந்தப் பாதையில் வரும். பாதை போய் முட்டுகிற சுவரோரம், பெரிய மின்விசிறிக்குக் கீழே, கால் நீட்டி உட்கார்ந்து பனியனில் பிசிறு வெட்டிக்கொண்டிருப்பவள் யாழினி. சித்ராதேவியின் தம்பி பெண்டாட்டி. ஏழு மாதம். லைன் வீட்டில் தனியாக இருக்க மாட்டேன் என்று அவள் அழுததால், “நான் பாத்துக்கிடுதேன்” என்று ஊரில் எல்லோருக்கும் வாக்குக் கொடுத்து, கூட்டிக்கொண்டு வந்து, காற்றோட்டமான இடமாகப் பார்த்து அங்கே உட்கார வைத்தது சித்ராதேவிதான். சாப்பாட்டு நேரத்திலும் யாழினி பெரும்பாலும் அங்கேயே சாய்ந்து தூங்கிவிடுவாள்.

யாழினிக்குச் சற்று முன்னால், பாதையோரத்தில், செல்லத்தாயின் ஓவர்லாக் மெஷின்.

செல்லத்தாய் சாத்தூர்ப் பக்கத்துக்காரி. தைக்க உட்கார்ந்தால் தலை நிமிர மாட்டாள். டிராலி வருகிற சத்தம் கேட்டால் இடது காலை மட்டும் பாதைக்கு நீட்டி, பாதத்தால் தடுத்து, “ஏட்டி, நில்லு” என்பாள், ஓடுகிற ஆட்டுக்குட்டியிடம் சொல்வதுபோல. டிராலி நிற்கும். குனிந்த தலை குனிந்தபடி பண்டலை எடுத்துக்கொள்வாள். ஊர்க் கோயில் கொடைக்குப் போனவள் காய்ச்சலில் படுத்தாள். திரும்பி வரவில்லை. அவள் மடித்துப் போட்ட பனியன் துணி மெத்தை இன்னும் அந்த ஸ்டூல் மேல் இருந்தது. அதில் உட்கார மனசு வரவில்லை என்று பெண்கள் சொன்னார்கள். தைரியம் வரவில்லை என்பதை யாரும் சொல்லவில்லை.

அவள் போன கொஞ்ச நாளில், சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையர் வருகிறார் என்று சொரசொரத்த தரைக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்தார்கள். பையர் வந்தார், தரையைப் பார்த்தார், போனார். அதற்குப் பிறகுதான் டிராலி நடக்க ஆரம்பித்தது.

சித்ராதேவிக்கு இதெல்லாம் வேண்டாத நேரம். வாழ்க்கையில் முதல் தடவையாக அவளை சூப்பர்வைசர் ஆக்கியிருந்தார்கள். அதுவும் ஒரு நிபந்தனையோடு.

“சனிக்கெழம இந்த லாட்டுப் பனியன் அத்தனையும் கண்டெய்னர்ல ஏறோணுமுங்க,” என்றிருந்தார் மேனேஜர். “ஏறுச்சுன்னா நீங்கதான் சூப்பர்வைசருங்க. இல்லீன்னா பழையபடி மெஷின்ல உக்காந்துக்கோங்க. கோவிச்சுக்கப்படாதுங்க.”

அவர் உள்ளூர்க்காரர். கழுத்தை அறுப்பதாக இருந்தாலும் ‘ங்க’ போட்டுத்தான் அறுப்பார்.

அயர்ன் மாஸ்டர் இசக்கிமுத்துக்கு மட்டும் இந்த விவகாரத்தில் ஒரு மலர்ச்சி. ஊரில் பேயை நேரில் பார்த்தவர் என்று அவருக்குப் பெயர். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் அந்தப் பேய் ஒரு முழம் வளரும்.

“பண்டல் கேக்கா,” என்றார், இஸ்திரிப் பெட்டியை அழுத்தித் தேய்த்துக்கொண்டே. “கை சும்மா இருந்தா அவளுக்குப் பொறுக்காது. உயிரோட இருக்கும்போதே பண்டல் வரலன்னா என்ன சத்தம் போடுவா. இப்ப சத்தம் போட முடியல. இழுக்கா.”

“அண்ணே, நீங்க பெட்டியப் பாருங்க. காலர் கருகுது.”

“காலர் கருகுனா வேற காலர் வைக்கலாம் தாயி. ஒரு எலுமிச்சம்பழம் வாங்கி, குங்குமம் தடவி, சக்கரத்துக்கு முன்னால வச்சிரு. தாண்டி வராது.”

சித்ராதேவி யோசித்தாள். பேய் இருந்தால் பழம் பேயைத் தடுக்கும். பேய் இல்லாவிட்டாலும் சக்கரத்தையாவது தடுக்கும். டிராலியின் பிரேக் கட்டை என்றைக்கோ உடைந்து போயிருந்தது. எப்படிப் பார்த்தாலும் லாபம்தான்.

மறுநாள் சாப்பாட்டு மணி அடித்ததும், எல்லோரும் பார்க்க, குங்குமம் தடவிய பழத்தைச் சக்கரத்துக்கு முன்னால் வைத்துக் கையை எடுத்தாள்.

பழம் கிளம்பியது.

அவசரமே இல்லாமல், பாதையின் நடுவிலேயே, கோயிலுக்குப் போகிறவள் போல அது உருண்டு போனது. அனுப்பிரியாவைத் தாண்டியது. செல்லத்தாயின் மெஷினையும் நிற்காமல் தாண்டியது. நேராகப் போய் யாழினியின் கால் பெருவிரலில் முட்டி நின்றது.

யாழினி காதிலிருந்த இயர்போனை எடுத்துவிட்டுப் பழத்தைக் கையில் எடுத்தாள். “என்ன மைனி, ஜூஸ் போடச் சொல்லுதியளா?”

யாரும் சிரிக்கவில்லை.

“வயித்துப் பிள்ளைக்காரிகிட்டல்லா போவுது,” என்றார் இசக்கிமுத்து மெதுவாக. மெதுவாகச் சொன்னதால் எல்லோருக்கும் கேட்டது. “செல்லத்தாய்க்குப் பிள்ளை கிடையாது பாத்துக்கோ.”

அன்று சாயங்காலத்துக்குள் பின்வரிசை காலி. எல்லோரும் முன்வரிசைக்கு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். ஒரு மெஷினுக்கு இரண்டு பேர் உட்கார்ந்து, ஒருத்தி தைக்க, ஒருத்தி பயந்துகொண்டிருந்தாள். செய்தி எப்படியோ ஊருக்கும் போய், யாழினியின் அம்மா போனில் அழுதாள். “பிள்ளைய அனுப்பி வச்சிரு தாயி. உன்ன நம்பித்தான விட்டேன்.”

“மைனி,” என்றாள் யாழினி ராத்திரிச் சாப்பாட்டின்போது. இப்போது அவளுக்கும் ஜூஸ் நினைப்பு இல்லை. “நான் கண்ண மூடினா, கீச்சு கீச்சுன்னு அது வாரது கேக்கு. கிட்ட வந்து நின்னுருது. அப்புறம் சத்தமே இல்ல. யாரோ நின்னு என்னையப் பாக்குத மாதிரியே இருக்கு.”

கீச்சுச் சத்தம்தானே பிரச்சினை என்று சித்ராதேவி மெக்கானிக் மருதாசலத்தைப் பிடித்தாள். அவர் உள்ளூர், கையில் எப்போதும் ஒரு ஸ்பானரும் வாயில் எப்போதும் ஒரு விளக்கமும் வைத்திருப்பவர். அன்றைக்கு போர்வெல் மோட்டார் படுத்துக்கொண்டதால் விளக்கம் சொல்ல நேரமில்லை. என்ன ஏது என்று கேட்காமல் நாலு சக்கரத்துக்கும் தாராளமாக ஆயில் விட்டுவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் டிராலி சத்தமே இல்லாமல் வந்து நின்றது.

“முன்னாடியாச்சும் சொல்லிட்டு வந்துச்சுங்க,” என்றாள் அனுப்பிரியா. “இப்ப சொல்லாமக்கொள்ளாம வருது.”

சரி, தள்ள முடியாதபடி பாரம் ஏற்றிவிடலாம் என்றாள் சித்ராதேவி. பண்டல்களுக்கு மேல் முழுத் துணி ரோல்களை அடுக்கினார்கள். டிராலி கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டு வண்டி மாதிரி கனத்துப் போய் நின்றது. செல்லத்தாய் நோஞ்சான் உடம்புக்காரி, இதை அசைக்க அவளால் ஆகாது என்று எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை. மத்தியானம் டிராலி அத்தனை பாரத்தோடும் அதே இடத்துக்கு வந்திருந்தது. அது வரும்போது சுவரோரத்தில் தரையே அதிர்ந்ததாக யாழினி சொன்னாள்.

“செத்தப்புறம் பலம் கூடும்,” என்றார் இசக்கிமுத்து. “எங்க ஊர்ல நான் பாத்தது...”

“அண்ணே.”

“சரி, நான் சொல்லல.”

அடுத்து, கட்டிப்போடுவது. திருப்பூரில் எதைக் கட்டுவதற்கும் பனியன் வேஸ்ட்தான். மொபெட்டில் மூட்டையைக் கட்ட அதுதான், ஆட்டைக் கட்ட அதுதான், பாவாடை நாடா அறுந்தாலும் அதுதான். சித்ராதேவி பனியன் துணியை நீளமாகக் கிழித்து, ஜடை போலப் பின்னி, டிராலியைக் கட்டிங் மேசைக் காலோடு கட்டினாள். இந்தத் தடவை சாப்பிடப் போகவில்லை. எல்லோரையும் கூட்டிக்கொண்டு வாசற்படியில் நின்று பார்த்தாள்.

கூடம் வெறிச்சென்று இருந்தது. மெஷின்கள் ஓயும்போதுதான் அந்த இடம் எவ்வளவு பெரியது என்று தெரியும். சுவருக்குப் பின்னாலிருந்த கம்ப்ரஸர் தட்டென்று ஓட ஆரம்பித்தது. ஜன்னல் கம்பிகள் நடுங்கின.

டிராலிக்கு உடம்பு சிலிர்த்தது.

ஒரு சாண் முன்னால் போனது. பனியன் ஜடை நீண்டது. டிராலி நின்றது. பிறகு தானாகப் பின்னால் வந்தது. மறுபடியும் முன்னால். மறுபடியும் பின்னால். தூங்குகிற ஆளின் நெஞ்சு ஏறி இறங்குவது போல.

“யோசிக்குதுங்கக்கா,” என்றாள் அனுப்பிரியா.

“எத?”

“போலாமா வேண்டாமான்னு.”

முடிச்சு நழுவியது. டிராலி யோசித்து முடித்துவிட்டது. பாதையில் இறங்கி, சத்தமில்லாமல், செல்லத்தாயின் மெஷின் பக்கம் போய் நின்றது. அதைப் பார்க்க அதற்குள் வாசலில் யாரும் இல்லை. சித்ராதேவி மட்டும் நின்றுகொண்டிருந்தாள். அதுவும் தைரியத்தால் அல்ல, இசக்கிமுத்து அவள் கையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்ததால்.

அன்று ஒரு பனியன் தைக்கவில்லை. மேனேஜர் வந்து கூடத்தைப் பார்த்தார். “பரவால்லீங்க, உங்க பழைய மெஷினுக்கு ஊசி மாத்தி வெக்கச் சொல்றனுங்க,” என்றார். அவ்வளவுதான். ஆனால் சித்ராதேவிக்கு வேலையைவிட, சுவரோரம் விரலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த யாழினியின் முகம்தான் கண்ணுக்குள் நின்றது. வாக்குக் கொடுத்தாயிற்றே.

வெள்ளிக்கிழமை காலையில் கடைசி வழியையும் செய்தாள். செல்லத்தாயின் மெஷினையே அங்கிருந்து அகற்றிவிடுவது. நாலு பேரைச் சேர்த்து மெஷினையும் ஸ்டூலையும் தூக்கிப் பின்பக்கத்துக் குடோனில் வைத்தாள். பனியன் துணி மெத்தையை மட்டும் தானே எடுத்துப் போனாள். அது இன்னும் ஓர் ஆள் உட்கார்ந்த பள்ளத்தோடு இருந்தது. “கோவிச்சுக்கிடாதீங்க மதினி,” என்று அதனிடம் சொல்லிவிட்டு வந்தாள்.

பாதையோரத்தில் இப்போது வெறும் பச்சைத் தரை.

“இனி எதுக்கு வரும்? மெஷினே இல்ல,” என்று பெண்களுக்குத் தைரியம் சொல்லி, சாப்பாட்டுக்கு வெளியே அனுப்பினாள். யாழினி எழுந்திருக்கச் சோம்பல்பட்டு அங்கேயே சுவரில் சாய்ந்து தூங்கினாள். சித்ராதேவி கை கழுவப் போனாள். டிராலியில் நேற்றைய ரோல்கள் எல்லாம் அப்படியே இருந்தன. சக்கரங்களில் ஆயில் இருந்தது. கட்ட ஒரு நாடா இல்லை. இதெல்லாம் அவளுக்கு உறைத்தது, சுவருக்குப் பின்னால் கம்ப்ரஸர் தட்டென்று ஓட ஆரம்பித்தபோதுதான்.

திரும்பி ஓடி வந்தாள். டிராலி அதற்குள் பாதி வழி போயிருந்தது. இவ்வளவு வேகமாக அது போய் அவள் பார்த்ததில்லை.

“யாழினி, எந்திரி,” என்று கத்தினாள். யாழினியின் காதில் இயர்போன்.

ஈரக் காலோடு பெயிண்ட் தரையில் ஓடினால் என்ன ஆகும்? விழுந்தாள். விழுந்தும் நிற்காமல், பலாப்பழம் மாதிரி கொஞ்ச தூரம் வழுக்கிக்கொண்டே போனாள். எழ முடியவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டாள். இடிக்கிற சத்தத்துக்காகக் காது காத்திருந்தது.

சத்தம் வரவில்லை.

கண்ணைத் திறந்தாள். செல்லத்தாயின் மெஷின் இருந்த வெற்றிடத்துக்கு நேராக டிராலி நின்றுகொண்டிருந்தது. அதற்கு அந்தப் பக்கம் யாழினி தூக்கத்தில் வாயைச் சப்புக்கொட்டினாள்.

“இன்னைக்கும் வந்துட்டாளே,” என்று வாசலில் இசக்கிமுத்து அலறினார். “மெஷின எடுத்தாலும் வாராளே.”

இந்தச் சத்தத்துக்குத்தான் மருதாசலம் வந்தார். போர்வெல் மோட்டார் சரியாகிவிட்டதால், விளக்கம் சொல்ல இப்போது அவருக்கு நேரம் நிறைய இருந்தது. கதை முழுவதையும் கேட்டார். சித்ராதேவியைத் தூக்கி உட்கார வைத்தார். பிறகு ஒரு குடம் தண்ணீரை எடுத்துப்போய்க் கட்டிங் மேசைப் பக்கம் தரையில் ஊற்றினார்.

தண்ணீர் பாதையில் இறங்கியது. எங்கும் தேங்காமல், ஒரே ஓட்டமாகப் போய்ச் சுவரோரத்தில் குளம் கட்டியது. யாழினி விழித்துக்கொண்டு புடவையைத் தூக்கிப் பிடித்தாள்.

“தண்ணியையுமா செல்லத்தாயக்கா இழுக்குறாங்க?” என்றார் மருதாசலம். “ஏனுங்க, இது முன்னால டையிங் பட்டறைங்க. சாயத் தண்ணி வடியோணும்னு தரையவே சரிவாப் போட்டு வெச்சிருக்காங்க. கண்ணுக்குத் தெரியாதுங்க. சக்கரத்துக்குத் தெரியுமுங்க.”

“அப்ப முன்னாடி ஏன் வரல?” என்றாள் சித்ராதேவி.

“முன்ன தரை சொரசொரன்னு இருந்துச்சு. சக்கரத்தப் புடிச்சு வெச்சுது. பெயிண்ட் அடிச்சீங்க, புடி போச்சு. நின்னுட்டு இருக்கறத அசைக்கத்தானுங்க மொதல்ல ஒரு தட்டு வேணும். கம்ப்ரஸரு அந்தத் தட்டத் தட்டி உட்டுச்சு. நீங்க ஆயிலு வேற உட்டுப்போட்டீங்க.”

“நீங்கதான உட்டது.”

“யாரு உட்டா என்னங்க, ஆயிலு ஆயிலுதானுங்க. பாரத்த வேற ஏத்தி வெச்சீங்க. பாரம் ஏத்துனா கெளம்பாம நிக்காதுங்க, கெளம்புனா நிறுத்தத்தான் முடியாது. அதுக்கு மேல பனியன் துணியில கட்டுனீங்க. பனியன் இழுத்தா நீளும், உட்டா சுருங்கும். நாம போடறமே, தெரியாதா? அதான் ஊஞ்சலாடிருக்குது.” அவர் எழுந்து நின்று, பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியவர்போல நெஞ்சை நிமிர்த்தினார். “பத்தாவதுல படிச்சதுங்க. ஓடற பொருளு, யாராச்சும் தடுக்கற வரைக்கும் ஓடிட்டேதான் இருக்கும். அது எயற்கை. அதுல பேய்க்கு வேலையில்லீங்க.”

கூடத்தில் ஒரு பெருமூச்சு எழுந்து, சிரிப்பாக மாறியது. முதலில் அனுப்பிரியா சிரித்தாள், பிறகு எல்லோரும். இசக்கிமுத்துவின் பேய் ஒரு நொடியில் முழம் முழமாகச் சுருங்கிப்போனது. “நானும் அப்பமே நெனச்சேன், தரையிலதான் என்னமோ கோளாறுன்னு,” என்று அவர் சொன்னதற்குப் பெண்கள் அவர் முதுகில் பனியன் பண்டலை வீசினார்கள்.

டிராலிச் சக்கரத்துக்கு மரக்கட்டை வைத்தார்கள். பின்வரிசைக்காரிகள் பின்வரிசைக்கே போனார்கள். பயம் போன கைகளுக்கு எங்கிருந்துதான் அந்த வேகம் வந்ததோ, அன்றும் மறுநாளும் மெஷின்கள் அருவி மாதிரி இரைந்தன. சனிக்கிழமை சாயங்காலம் கடைசிப் பெட்டி கண்டெய்னரில் ஏறியது. மேனேஜர் வந்து, “பரவால்லீங்க” என்றார். அவர் அகராதியில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது. சித்ராதேவி சூப்பர்வைசர் ஆனாள். யாழினியின் அம்மாவுக்குப் போன் போட்டு, “பேயும் இல்ல, ஒண்ணும் இல்ல, வெறும் சரிவு” என்று சிரித்துச் சொன்னாள்.

எல்லோரும் பாதையில் வட்டமாக உட்கார்ந்திருந்தபோது டீ வந்தது. கொண்டுவந்தவர் நாச்சிமுத்து, வயசாளி. டீ கேன் வைத்த சின்னத் தள்ளுவண்டி அவருடையது. தரைக்குப் பெயிண்ட் அடித்த நாளிலிருந்து அவர் அந்தக் கூடத்துக்குள் வண்டியைத் தள்ளுவதில்லை. வண்டிக்கு முன்னால் போய் நின்று, அடங்காத மாட்டை மறிப்பதுபோல வயிற்றைக் கொடுத்து, பின்பக்கமாக நடந்தே வருவார். வயசானவருக்கு ஏதோ கோளாறு என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

மருதாசலம் அவருக்கும் முழு விளக்கத்தையும் சொன்னார். சரிவு, பெயிண்ட், ஆயில், பனியன் ஜடை, ஒன்றையும் விடவில்லை. நாச்சிமுத்து ஒரு கையால் வண்டியைப் பிடித்துக்கொண்டே, மறு கையால் டம்ளர்களில் ஊற்றியபடி, எல்லாவற்றுக்கும் “ஆமாங்க, ஆமாங்க” என்று தலையாட்டினார். யாழினிக்கு மட்டும் சர்க்கரை கூடப் போட்டுக் கலக்கி, கையில் கொடுத்தார்.

பிறகு, செல்லத்தாயின் மெஷின் இருந்த வெற்றிடத்தைப் பார்த்தார். அங்கிருந்து யாழினி உட்கார்ந்திருந்த சுவரோரத்தைப் பார்த்தார்.

“நீங்க சொல்றது சரிதானுங்க. இந்த டீ வண்டியவே கைய உட்டா, நேரா செவுத்துல போய் முட்டித்தானுங்க நிக்குது. எலுமிச்சம்பழமும் அங்கதான் போச்சுங்கறீங்க, தண்ணியும் அங்கதான் போச்சுங்கறீங்க,” என்றார். “தள்ளுனது தரைதானுங்க, ஒத்துக்கறேன். அவ்வளவு பாரத்த அந்தப் புள்ளைக்கு முன்னால தெனமும் நிறுத்துனது யாருங்க?”